ஈமேக்ஸ் கான்ஃபிக்: டெர்மினலில் ஒரு இடம், ஐகானில் வேறு இடம். உதவி தேவை

வணக்கம் மக்களே. பெல்லந்தூர் ஆபீஸில் கொடுத்த உபுண்டு லேப்டாப், ஈமேக்ஸ் (டெக்ஸ்ட் எடிட்டர்) 29. என் கான்ஃபிக் எல்லாம் தனி பார்ட்டிஷனில் இருப்பதால், பேஷ்ஆர்சியில் (டெர்மினல் திறக்கும்போது படிக்கப்படும் ஃபைல்) எக்ஸ்டிஜி கான்ஃபிக் ஹோம் வேரியபிளை (கான்ஃபிக்கை எங்கே தேடவேண்டும் என்று ஆப்களுக்குச் சொல்வது) அந்தப் பக்கம் திருப்பி வைத்திருக்கிறேன்.

டெர்மினலில் திறந்தால் பிரச்சினையே இல்லை. டெஸ்க்டாப் ஐகானைத் தட்டினால் மொட்டை ஈமேக்ஸ்தான் வருகிறது: தீமும் இல்லை, தமிழ் ஃபான்ட்டும் இல்லை. ஐகான் வழியாக வந்தால் பேஷ்ஆர்சியைப் படிக்காது, அதுவரை புரிகிறது.

தலைவலி அதற்கு அப்புறம்தான். 27-ஆம் பதிப்பிலிருந்து ஈமேக்ஸ் எக்ஸ்டிஜி இடத்தையும் பார்க்கும். ஆனால் ஹோமில் டாட் ஈமேக்ஸ் ஃபைலோ, டாட் ஈமேக்ஸ் டாட் டி ஃபோல்டரோ இருந்தால் முதல் மரியாதை அதற்குத்தான். ஐகானில் திறந்ததும், ஆட்டோசேவ் சமாச்சாரங்களை வைக்க அந்த ஃபோல்டர் தானாக முளைத்துவிடுகிறது. பிறகு டெர்மினல் ஈமேக்ஸும் அங்கேயே போய் உட்கார்ந்துகொள்கிறது! கண்ட்ரோல் எச், வி அடித்து யூசர் ஈமேக்ஸ் டைரக்டரியைப் பார்த்தால் அந்தப் பாதைதான் வருகிறது. ஃபோல்டரை அழித்தால் சரியாகிறது, அடுத்த முறை ஐகானைத் தட்டும் வரை.

வேரியபிளை எல்லா ஆப்பும் பார்க்கும்படி எங்கே வைப்பது? என்விரான்மென்ட் டாட் டி (லாகின் ஆகும்போது வேரியபிள்களை அமைக்கும் ஃபோல்டர்) என்றால், அதுவே டாட் கான்ஃபிக்குக்குள்தானே இருக்கிறது! அல்லது 29-இல் வந்த இனிட் டைரக்டரி ஆப்ஷனை (கான்ஃபிக் ஃபோல்டரை நேரடியாகச் சொல்வது) ஐகானின் டெஸ்க்டாப் ஃபைலில் சேர்த்தால் போதுமா? சிம்லிங்க் (வேறு இடத்தில் உள்ள ஃபோல்டரைக் காட்டும் இணைப்பு) போட்டுவிடு என்கிறார் டீமில் ஒரு அண்ணன். வேலை செய்யும்தான், ஆனால் ஒட்டுப்போட மனசு வரவில்லை.

வேலண்ட் செஷன், எக்ஸ்11 இல்லை (இரண்டும் திரையில் விண்டோக்களைக் காட்டும் முறைகள்).