ஸ்டார் வார்ஸ் (1977): பி ஃப்ளாட் ஏன் பி பக்கம் போகிறது? ஆர்கெஸ்ட்ராவையும் வாள் ஒலியையும் பிரித்துப் பார்ப்பது எப்படி?

தாளக்கட்டை:
ஸ்டார் வார்ஸ் முதல் படத்தின் ஒலித்தடத்தை ஆடாசிட்டி என்ற ஒலித் திருத்த மென்பொருளில் போட்டு அலசிக்கொண்டிருக்கிறேன். மூலம் ஒரு பழைய டிவிடி. இரண்டு இடத்தில் முட்டி நிற்கிறது.

ஜான் வில்லியம்ஸின் தொடக்க இசை பி ஃப்ளாட் மேஜர். முக்கிய மெட்டில் ட்ரம்பெட் பிடிக்கும் முதல் நீண்ட ஸ்வரம் 466 ஹெர்ட்ஸில் வர வேண்டும். எனக்கு 485, 486 காட்டுகிறது. சரி, பி என்று வைத்துக்கொள்ளலாம் என்றால் அது 494. கீபோர்டோடு சேர்த்து வாசித்தால் இரண்டுங்கெட்டானாக உரசுகிறது.

அடுத்தது, கலந்த ஒலியைத் தனித்தனித் தடங்களாக்கும் டெமுக்ஸ் மென்பொருளைப் போட்டுப் பிரித்தால் ஆர்கெஸ்ட்ரா, ஒளிவாளின் ரீங்காரம், விண்கல இரைச்சல் எல்லாம் 'அதர்' தடத்திலேயே குவிகின்றன. வேறு வழி உண்டா?

கமகம்:
முதலாவதற்கு விடை எளிது. உங்களிடம் இருப்பது பால் (PAL) என்ற டிவி முறைக்கான டிவிடி. படம் நொடிக்கு 24 ஃப்ரேம், பால் 25. ஃப்ரேமைக் கூட்டாமல் படத்தையே கொஞ்சம் வேகமாக ஓட்டிவிடுவார்கள். ஒலியும் கூடவே ஓடும், சுருதி சுமார் 71 செண்ட் ஏறும் (100 செண்ட் ஓர் அரைஸ்வரம்). 466.2 × 25 ÷ 24 = 485.6. நீங்கள் அளந்தது இதைத்தான்.

எஃபெக்ட் மெனுவில் 'சேஞ்ச் ஸ்பீடு அண்ட் பிட்ச்' எடுத்து மல்டிப்ளையரில் 0.96 கொடுங்கள். 'சேஞ்ச் டெம்போ' கூடாது, அது சுருதியைத் தொடாது. 'சேஞ்ச் பிட்ச்' மட்டும் போட்டால் சுருதி இறங்கும், ஆனால் தாள வேகம் 4 சதவீதம் கூடுதலாகவே நிற்கும். சில 25 ஃப்ரேம் டிவிடிகளில் தயாரிக்கும்போதே சுருதியை இறக்கியிருப்பார்கள். ஃப்ரேம் ரேட்டைப் பார்த்ததும் கண்ணை மூடிக்கொண்டு 0.96 போட்டால் அவை பி ஃப்ளாட்டுக்கும் கீழே போய்விடும். ஸ்வரத்தை அளந்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.

மந்தரஸ்தாயி:
டெமுக்ஸ் பாட்டுகளுக்காகப் பழக்கப்பட்டது. குரல், ட்ரம்ஸ், பேஸ், மிச்சம் என்று நாலு பெட்டிதான் அதற்குத் தெரியும். வயலினும் விண்கலமும் அதற்கு 'மிச்சம்'. வசனம், இசை, எஃபெக்ட்ஸ் என்று பிரிக்கும் மாடல்களும் இருக்கின்றன. ஆனால் வாள் ரீங்காரம் சுருதியுள்ள ஒலி என்பதால் அது இசைப் பக்கம் கசியும்.

இந்தப் படத்துக்கு நான் சொல்வது பழைய கைவேலை. 1977இல் டால்பி ஸ்டீரியோவில் இடம், நடு, வலம், சுற்று என்று நான்கு சேனலை இரண்டு தடத்தில் மடித்து வைத்தார்கள். நடுவில் இருப்பது இரண்டு பக்கமும் ஒரேபோல் இருக்கும். ஸ்டீரியோ தடத்தை 'ஸ்ப்ளிட் ஸ்டீரியோ டு மோனோ' செய்து, ஒன்றை 'இன்வர்ட்' செய்து (அலையைத் தலைகீழாக்கி), இரண்டையும் கலந்தால் வசனம் பெரும்பாலும் காணாமல் போகும். விரித்து வைத்த இசையும் ஓரத்து எஃபெக்ட்ஸும் மிஞ்சும். எம்பி3 மாதிரி சுருக்கிய ஃபைலில் இதைச் செய்தால் தண்ணீருக்குள் கேட்பதுபோல் குழறும், மூலத்தடத்திலேயே செய்யுங்கள். ஆறு சேனல் தனித்தனியாக இருக்கும் 5.1 தடத்தில் சேனல் சேனலாகக் கேட்பது இதைவிடச் சுலபம்தான். ஆனால் அது பிற்காலக் கலவை. அதை வைத்து '1977இல் இப்படிக் கலந்தார்கள்' என்று எழுதினால் தப்பு.

தனியாக வெளிவந்த இசைத்தட்டை இன்வர்ட் செய்து படத்திலிருந்து கழிக்கும் யோசனை வேண்டாம். கலவை வேறு, வெட்டுகள் வேறு, கழியவே கழியாது. பக்கத்தில் வைத்து மாறிமாறிக் கேட்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

எது எஃபெக்ட் என்று ஸ்பெக்ட்ரோகிராமில் (நேரத்துக்கு எதிராக அதிர்வெண்ணைக் காட்டும் படத்தில்) அடையாளம் காண, படத்தின் ஒலி வடிவமைப்பாளர் பென் பர்ட் அதை எதிலிருந்து எடுத்தார் என்று தெரிந்திருப்பது பாதி வேலை. வாள் ரீங்காரம் என்பது ப்ரொஜெக்டர் மோட்டாரின் முனகலும் டிவி பிக்சர் ட்யூபின் பஸ் ஓசையும் கலந்தது. ரூல் போட்டதுபோல் நேரான கிடைக்கோடுகளாகத் தெரியும், வயலின் வைப்ராட்டோவின் நெளிவு இருக்காது. துப்பாக்கி ஒலி, ரேடியோ கோபுரத்தை இழுத்துக் கட்டிய கம்பியைச் சுத்தியலால் தட்டியது. விறைப்பான கம்பியில் உச்ச அதிர்வெண்கள் முந்தி ஓடிவரும், கீழுள்ளவை பின்தங்கும். அதனால்தான் அந்தப் 'ப்யூவ்'. மேலிருந்து கீழே சரியும் கொக்கி வளைவு தெரிந்தால் அதுதான். டை ஃபைட்டர் என்ற சிறு போர் விண்கலத்தின் ஒலி கொஞ்சம் ஏமாற்றும். யானைப் பிளிறலோடு ஈரச் சாலையில் கார் போகும் ஓசை. பிளிறலின் மேற்சுரங்கள் பித்தளை வாத்தியங்கள் இருக்கும் இடத்திலேயே வந்து உட்காரும். ட்ராம்போன் ஒரு ஸ்வரத்தில் நின்று அடுத்ததற்குத் தாவும், பிளிறல் எங்கும் நிற்காமல் வழுக்கும்.

அலைநீளம்:
மந்தரஸ்தாயிக்கு ஒரு சின்னத் திருத்தம். வாள் கோடு நேராக இருப்பது கை அசையாதபோது மட்டும். வீசும் ஒலிக்கு, ஒலிபெருக்கியில் ரீங்காரத்தை ஓடவிட்டு அதன் முன்னால் மைக்கை வீசி மறுபடி பதிவு செய்தார் பர்ட். அங்கே டாப்ளர் விளைவு வரும், அதாவது அசைவால் சுருதி ஏறி இறங்கும். மைக் நொடிக்கு 5 மீட்டர் போனால் 5 ÷ 343, ஏறக்குறைய 1.5 சதவீதம். 100 ஹெர்ட்ஸ் கோட்டில் அது ஒன்றரை ஹெர்ட்ஸ், கண்ணுக்கே படாது. 2000 ஹெர்ட்ஸ் பக்கம் 30 ஹெர்ட்ஸ், அங்கே பாருங்கள்.

விண்டோ அளவும் (ஒரே தடவையில் அலசும் சாம்பிள்களின் எண்ணிக்கை) முக்கியம். 48 கிலோஹெர்ட்ஸில் 8192 வைத்தால் அதிர்வெண் கட்டம் ஒவ்வொன்றும் 5.9 ஹெர்ட்ஸ் அகலம், நேரம் 0.17 நொடி. நீண்ட ஸ்வரத்துக்குச் சரி. வாள் வீச்சுக்கு 4096. துப்பாக்கி வளைவுக்கு 512, இல்லையென்றால் கொக்கி வெறும் கறையாகிவிடும். டபுள் பேஸின் அடி ஸ்வரங்களை அடியிலேயே அளக்க முயலாதீர்கள். 32.7க்கும் 34.6க்கும் இடையே 2 ஹெர்ட்ஸ்கூட இல்லை. நாலாவது ஹார்மானிக்கை (அடி அதிர்வெண்ணின் நாலு மடங்கில் வருவதை) அளந்து நாலால் வகுத்தால் போதும்.

தாளக்கட்டை:
0.96 போட்டதும் 466 வந்துவிட்டது, நன்றி. ரீங்காரம் மட்டும் தனியாகக் கேட்கிற மாதிரி படத்தில் இடம் ஏதாவது உண்டா? ஒப்பிட ஒரு மாதிரி வேண்டும்.

மந்தரஸ்தாயி:
ஓபி-வானும் வேடரும் மோதும் சண்டை. பெரும்பகுதியில் இசையே கிடையாது, வாளும் மூச்சும்தான். இரண்டு வாள்களும் உரசாமல் இருக்கும் ஒன்றிரண்டு நொடியை வெட்டி எடுத்து 'ப்ளாட் ஸ்பெக்ட்ரம்' பாருங்கள். வேடரின் மூச்சு, நீருக்கடியில் மூச்சுவிட உதவும் ஸ்கூபா ரெகுலேட்டரில் பதிவு செய்தது, அகலமான இரைச்சல். அது குறுக்கே வராத துண்டாக எடுங்கள்.