டிசம்பரில் மட்டக்களப்பிலிருந்து இங்கினியாகலை: காரில் ஒரே நாளில் போய்வரலாமா?

கோண்டாவில் பிள்ளை:
டிசம்பர் நடுவில் மட்டக்களப்பில் அக்கா வீட்டில் நிற்போம். ஒருநாள் அம்மாவையும் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு, காரைதீவால் திரும்பி அம்பாறை, இங்கினியாகலை போய், அங்குள்ள பெரிய நீர்த்தேக்கமான சேனநாயக்க சமுத்திரத்தைப் பார்த்துவிட்டு மகாஓயா, செங்கலடி வழியாக வர யோசனை. வாகனம் வேகன் ஆர். வெயிலும் மழையும் மாறி மாறி வருகிறது என்று அக்கா சொல்கிறா. அந்த வெட்டவெளியில் மழை பிடித்தால் என்ன செய்வது?

வலையிறவு சாரதி:
தம்பி, வாருங்கள். மாரி முழுக்க என்னுடைய ஓட்டம் அந்தப் பக்கம்தான். டிசம்பரில் பெரும்போக வேளாண்மை பச்சையாக நிற்கும். சம்மாந்துறை தாண்டினால் இரண்டு பக்கமும் வட்டைதான், வெறும் வயல்வெளி. மழை வருவது தூரத்திலேயே தெரியும். வெளியின் அந்தக் கரையில் நிற்கும் தென்னைகள் முதலில் மறையும், பிறகு மின்கம்பங்கள் ஒவ்வொன்றாக மறையும். கண்ணாடியை ஏற்றிவிட்டு, லைட்டைப் போட்டு, மெதுவாக ஓட்டினால் போதும். கால் மணித்தியாலத்தில் அதே இடத்தில் வெயில் எறிக்கும். பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டிய காட்சி அது. ஓரத்தில் மட்டும் இறக்காதீர்கள், மண் இளகியிருக்கும்.

நீங்கள் கவனிக்க வேண்டியது தலைக்கு மேலே பெய்கிற மழையை அல்ல. மேற்கே மலையில் பெய்வது கல்லோயா ஆற்றால் இறங்கிச் சேனநாயக்க சமுத்திரத்துக்கு வருகிறது. அது நிரம்பி வான் பாய்ந்தாலோ, இடையில் உள்ள குளங்களின் வான்கதவைத் திறந்தாலோ, தண்ணீர் இந்தத் தட்டை நிலத்தால்தான் கடலுக்குப் போக வேண்டும். வானம் வெளுத்திருக்கும், ரோட்டில் தண்ணீர் ஓடும். வாவிக்கு மேற்கே எங்கள் படுவான்கரையிலும் உன்னிச்சைக் குளம் திறந்தால் இதே கதைதான். அதனால் முதல்நாள் இரவுச் செய்தியில் குளங்களின் நிலவரத்தைக் கேளுங்கள்.

நிந்தவூர் வட்டைக்காரன்:
அண்ணன் சொல்வதை அப்படியே எடுங்கள். 2024 நவம்பர் 26 அன்று, எங்கள் ஊர் மத்ரசாவிலிருந்து வீட்டுக்குப் போன பிள்ளைகளை ஏற்றிய உழவு இயந்திரத்தைக் காரைதீவு–மாவடிப்பள்ளி வீதியில் வெள்ளம் இழுத்துக்கொண்டு போனது. அந்தப் பிள்ளைகளை நினைக்காமல் இன்றும் அந்த இடத்தை என்னால் கடக்க முடியாது. நீங்கள் அம்பாறைக்குத் திரும்புகிற வீதியும் அதுதான். பெரிய சக்கரம் உள்ள மெஷினுக்கே அந்தக் கதி என்றால் வேகன் ஆர் எம்மாத்திரம்? ஓடுகிற தண்ணீர் ஒரு அடி இருந்தாலே சின்னக் காரைத் தூக்கிவிடும். முன்னால் லொறி போகிறது என்று பின்னால் போகாதீர்கள். ரோட்டோரக் கட்டைகள் தெரியவில்லை என்றால் அங்கேயே திருப்புங்கள்.

கோண்டாவில் பிள்ளை:
மிக்க நன்றி. அப்போ மகாஓயா வழியாகத் திரும்புவது பாதுகாப்பா? அந்த வெந்நீரூற்றையும் பார்க்க அம்மாவுக்கு ஆசை.

வலையிறவு சாரதி:
அம்மாவின் ஆசைக்கு வேறொரு நாள் ஒதுக்குங்கள். செங்கலடியால் காலையில் போய் வெயிலோடு திரும்பலாம். மகாஓயாவுக்கும் கரடியனாற்றுக்கும் இடையில் காடு, பொழுதுபட்டால் யானை ரோட்டுக்கு வரும். டிசம்பரில் ஆறு மணிக்கு முன்பே இருட்டிவிடும், மழை இருட்டு வேறு.

இங்கினியாகலைக்குப் போன வழியே வாருங்கள். காலையில் மாவடிப்பள்ளியைத் தாண்டும்போது ரோட்டோரக் கட்டையில் தண்ணீர் எதுவரை நிற்கிறது என்று பார்த்து வையுங்கள். இரண்டு மணிக்கு இங்கினியாகலையை விட்டால் வெளிச்சத்தில் அதே இடத்துக்கு வந்துவிடலாம். தண்ணீர் ஏறியிருந்தால் அம்பாறைக்கே திரும்பித் தங்குங்கள், அறை கிடைக்கும். அவசரம் என்றால் 117, அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம்.

நிந்தவூர் வட்டைக்காரன்:
போகிற நாளுக்கு முதல்நாள் இதிலேயே எழுதுங்கள். விடிய வயலுக்குப் போகும்போது தண்ணீரைப் பார்த்துச் சொல்கிறேன்.