மூன்று காது யானை

குடும்பக் குழு, சனிக்கிழமை

காலை 9:40

நான்: யாராவது இருக்கிறீர்களா? இரண்டு நாளாக மழை, சின்னவன் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்கிறான். நேற்றிலிருந்து என்னோடு சரியாகப் பேசவும் இல்லை. தப்பு என் மேல்தான்.

தம்பி: என்ன செய்தாய் அக்கா?

நான்: மெல்லிய அட்டையில் யானை செய்தான். அதற்கு மூன்று காது ஒட்டியிருந்தான். ராத்திரி அவன் தூங்கியதும் ஒன்றை மெதுவாகப் பிய்த்துக் குப்பைக் கூடையில் போட்டேன். மற்ற இரண்டையும் நேராக ஒட்டினேன். தும்பிக்கையையும் கொஞ்சம் வளைத்து வைத்தேன். காலையில் பார்த்துச் சந்தோஷப்படுவான் என்று நினைத்தேன்.

அண்ணி: ஐயோ.

நான்: எழுந்து வந்தான். "என் யானை எங்கே?" என்றான். இதுதான் கண்ணா என்றேன். "இது உன் யானை" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

மாமா: நாலு வயதில் இந்தப் போடு போடுகிறானே!

பெரியக்கா: மூன்றாவது காது எதற்கு என்று கேட்டாயா?

நான்: அப்புறம்தான் கேட்டேன். யானை தூங்கும்போது இரண்டு காதும் தூங்கிவிடுமாம். அது மட்டும் விழித்திருந்து சத்தம் கேட்குமாம்.

பெரியக்கா: போச்சு. காவலுக்கு இருந்ததைத்தான் பிய்த்திருக்கிறாய்.

அம்மா: நீ சின்னதில் களிமண்ணில் ஒரு நாய் செய்தாய். ஐந்து கால். எண்ணிப் பார்த்தேன். சும்மா இருந்துவிட்டேன்.

நான்: அம்மா, இதை முந்தாநாள் ராத்திரி சொல்லியிருக்கலாம்.

பெரியக்கா: எங்கள் வகுப்பிலும் இதே கதைதான். வீட்டில் செய்துவரச் சொன்னால் மறுநாள் மேசையில் பார்ப்பது எல்லாம் அம்மா செய்த வீடு, அப்பா செய்த ரயில். பிள்ளை பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்திருக்கும். நமக்கு முடிந்த பொருள்தான் கண்ணில் படுகிறது. அவர்களுக்கு ஒட்டுகிற நேரம்தான் விளையாட்டு. முடிந்ததும் சில பிள்ளைகள் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

மாமா: அப்படியானால் ஊக்கம் கொடுக்க வேண்டாமா? நான் ஸ்டார் ஸ்டிக்கர் ஒரு கட்டு வாங்கி வைத்திருக்கிறேன். ஒரு படம் வரைந்தால் ஒரு ஸ்டார். பேத்திக்காக.

பெரியக்கா: மாமா, கொஞ்சம் பொறுங்கள். மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் என்று மூன்று பேர் 1973-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. ஸ்கெட்ச் பேனாவில் வரைவதென்றால் ஏற்கெனவே பிரியமாக இருந்த 3 முதல் 5 வயதுப் பிள்ளைகளை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு குழுவிடம் "வரைந்தால் தங்க நட்சத்திரம் ஒட்டிய சான்றிதழ் உண்டு" என்று முன்கூட்டியே சொன்னார்கள். இன்னொரு குழுவுக்குச் சொல்லாமல் வைத்திருந்து, வரைந்த பிறகு கொடுத்தார்கள். மூன்றாவது குழுவுக்கு ஒன்றும் இல்லை. சில நாள் கழித்து அதே பேனாக்களைச் சும்மா மேசையில் வைத்துவிட்டுக் கவனித்தார்கள். சான்றிதழுக்காக வரைந்த பிள்ளைகள் மற்றவர்கள் செலவிட்ட நேரத்தில் ஏறக்குறைய பாதிதான் அந்தப் பக்கம் இருந்தார்கள்.

தம்பி: சொல்லாமல் கொடுத்தவர்கள்?

பெரியக்கா: அவர்களுக்கு ஆசை குறையவில்லை. முன்கூட்டியே பேரம் பேசியதுதான் கெடுத்தது.

மாமா: அப்போது நான் வாங்கின ஸ்டிக்கரை என்ன செய்வது?

பெரியக்கா: அவளிடமே கொடுத்து ஒட்டி விளையாடச் சொல்லுங்கள். பின்தாளிலிருந்து நகத்தால் கிளப்பி எடுப்பது இருக்கிறதே, அந்த வயது விரலுக்கு அது பெரிய வேலை.

மாமா: இன்னொன்று. அவள் என்னை வரைந்தாள். தலையிலிருந்து நேராக இரண்டு கால் தொங்குகிறது. உடம்பே இல்லை. அவள் கண்ணை டாக்டரிடம் காட்ட வேண்டுமா?

பெரியக்கா: மூன்று, நாலு வயதில் பெரும்பாலும் இப்படித்தான் வரைவார்கள். தலைப்பிரட்டை மாதிரி ஒரு வட்டம், அதிலிருந்து கால். கொஞ்ச நாளில் உடம்பு தானாக வரும். நீங்கள் வரைந்து காட்டாதீர்கள்.

மாமா: வயிற்றை விட்டுவிட்டு வரைந்தாளே, நல்ல பிள்ளை. அப்படியே இருக்கட்டும்.

காலை 10:25

நான்: சரி, இப்போது நான் என்ன செய்ய? புதிதாக ஒரு காது வெட்டி ஒட்டிவிடட்டுமா?

பெரியக்கா: மறுபடியுமா! அதைத் தொடாதே. உன்னைக் கேட்காமல் மாற்றியது தப்பு என்று ஒரு தடவை சொல். அதோடு விடு. மாவு பிசைந்து கொடு, கை வேலை செய்தால் கோபம் இறங்கும். மைதா 2 கப், பொடி உப்பு அரை கப், எண்ணெய் 1 மேசைக்கரண்டி. வெந்நீர் முக்கால் கப் எடுத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக ஊற்று, முழுவதும் பிடிக்காமலும் போகலாம். சூடாக இருக்கும்போது நீயே பிசை. காது மடலைத் தொட்டால் ஒரு மென்மை இருக்கும் பார், அந்தப் பதம்.

தம்பி: காதை விடமாட்டேன் என்கிறீர்களே.

பெரியக்கா: நாலு உருண்டையாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் கட்டைவிரலால் குழி பண்ணி, உணவுக்கலர் இரண்டு சொட்டு விட்டு, வாயை மூடி வெள்ளை உருண்டையாகவே அவன் கையில் கொடு. என்ன நிறம் என்று சொல்லாதே. அழுத்த அழுத்த உள்ளிருந்து கோடு கோடாகக் கசியும். அதிலேயே பத்து நிமிஷம் ஓடிவிடும்.

அண்ணி: உப்பு அவ்வளவு எதற்கு அக்கா?

பெரியக்கா: சீக்கிரம் கெடாமல் இருக்க. வாயில் வைத்தாலும் கரிக்கும், துப்பிவிடுவார்கள். ஆனால் பச்சை மாவு வயிற்றுக்கு ஆகாது, அதனால் கண் இருக்கட்டும். தம்பி, உன் நாய் பக்கம் இதைக் கொண்டுபோகாதே. அத்தனை உப்பு உள்ளே போனால் நாய்க்கு ஆபத்து.

தம்பி: அது செருப்பையே தின்னும். உயரத்தில் வைக்கிறேன்.

மாமா: பிளே-டோ என்று கடையில் விற்கிறதே, அது முதலில் பொம்மை மாவே இல்லை, தெரியுமா? அமெரிக்காவில் சுவர்க் காகிதத்தில் படியும் கரிப்புகையைத் துடைக்கச் செய்த மாவு. வீடுகளில் நிலக்கரி அடுப்பு குறையக் குறைய விற்பனை படுத்துவிட்டது. மழலையர் பள்ளி ஆசிரியை ஒருவர் அதைப் பிள்ளைகளிடம் கொடுத்துப் பார்த்திருக்கிறார். 1956-இல் விளையாட்டுச் சாமானாகக் கடைக்கு வந்துவிட்டது. இது ஃபார்வர்டு இல்லை, நானே படித்தது.

நான்: நம்புகிறோம் மாமா.

அண்ணி: எங்கள் பாப்பாவுக்கு இரண்டு வயதுதான். எதைக் கொடுத்தாலும் வாய்க்குத்தான் போகிறது. பொத்தான், மணி எல்லாம் ஒரு டப்பாவில் சேர்த்து வைத்திருக்கிறேன். கொடுக்கலாமா?

பெரியக்கா: வேண்டவே வேண்டாம். டிஷ்யூ ரோல் தீர்ந்ததும் நடுவில் ஒரு அட்டைக் குழாய் மிஞ்சுமே, அதற்குள் நுழைகிற எதுவும் மூன்று வயது வரை கையில் கொடுக்காதே. தண்ணீரில் ஊறிப் பெரிதாகும் ஜெல்லி மணி வீட்டுக்குள்ளேயே வரக்கூடாது. விழுங்கினால் குடலுக்குள் போய் ஊதும். பொத்தான் பேட்டரியும் ஆபத்து, அது விளையாட்டுச் சாமானுக்குள் இருந்தாலும் திருகாணி இறுகியிருக்கிறதா என்று பார்.

அண்ணி: டப்பா பரண் மேல் ஏறிவிட்டது.

பெரியக்கா: மூன்று வயது தாண்டியதும் அவளுக்கு கிரேயானை உடைத்து, கட்டைவிரல் நீளத் துண்டாகக் கொடு. நீளமாக இருந்தால் உலக்கை மாதிரி முழுக் கையால் பிடிப்பாள். குட்டையாக இருந்தால் விரல் நுனிக்குத் தானாக வரும். அதையும் வாயில் வைக்கப் பார்ப்பாள், பக்கத்திலேயே இரு.

மதியம் 1:15

அண்ணி: சோள மாவு, அதாவது கார்ன்ஃப்ளோர், 2 பங்கு, தண்ணீர் 1 பங்கு கலந்து அகலத் தட்டில் ஊற்றினேன். பாப்பா தட்டினால் பலகை மாதிரி நிற்கிறது. கையில் அள்ளினால் உருண்டையாக வருகிறது, பிடியைத் தளர்த்தியதும் விரலிடுக்கில் ஒழுகி ஓடுகிறது. அவள் கையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள், எங்கே போனது என்று. அவள் அப்பா தட்டை விட்டு எழுந்திருக்கவே இல்லை.

தம்பி: ஏன் அப்படி ஆகிறது?

பெரியக்கா: மாவுத் துகள்கள் நெருக்கியடித்துக்கொண்டு தண்ணீரில் மிதக்கின்றன. மெதுவாகத் தொட்டால் ஒன்றையொன்று விலகி வழிவிடும். சட்டென்று அடித்தால் விலக நேரமில்லாமல் முட்டிக்கொண்டு இறுகிவிடும். கழுவும்போது சிங்கில் ஊற்றிவிட வேண்டாம் என்று பாப்பாவின் அப்பாவிடம் சொல். அடியில் படிந்து குழாய் அடைத்துக்கொள்ளும். காயவிட்டுச் சுரண்டிக் குப்பையில் போடணும்.

அண்ணன்: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

நான்: அண்ணா?

அண்ணி: ஊற்றிவிட்டார்.

அம்மா: அவன் சின்னதிலும் இப்படித்தான்.

இரவு 7:50

நான்: மன்னிப்புக் கேட்டாயிற்று. மாவில் நீலமும் மஞ்சளும் ஒன்றாகப் பிசைந்து பச்சை வந்ததும் கத்தின கத்தலில் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். காதும் கிடைத்துவிட்டது. கூடையைக் கவிழ்த்து அவனே தேடி எடுத்தான். நான் பசையை மட்டும் மேசையில் வைத்துவிட்டு நகர்ந்துவிட்டேன்.

பெரியக்கா: யானையில் ஒட்டினானா?

நான்: இல்லை. அந்த யானை என்னுடையதாம், அதற்கு இரண்டு போதுமாம். காதைக் கொண்டுபோய்ச் சமையலறைக் கதவில் ஒட்டியிருக்கிறான்.

தம்பி: கதவுக்கு எதற்குக் காது?

நான்: உள்ளே நானும் அவன் அப்பாவும் பேசுவதைக் கேட்டு அவனிடம் சொல்லுமாம்.

மாமா: இனிமேல் எது பேசுவதானாலும் குழுவிலேயே பேசுங்கள்.

அம்மா: ஒரு காதுதானா?

நான்: இப்போதைக்கு. படுக்கையறைக் கதவுக்கு வெட்டிக்கொண்டிருக்கிறான்.