யே ஹுவாவ மன்னிக்கலாமா? அம்மாவுக்கு நான் கதை சொன்ன ஒரு வாரம்

எல்லாரும் அவங்கவங்க சீன டிராமா அனுபவத்த எழுதிட்டு இருக்கீங்க, ரெண்டு நாளா படிச்சிட்டே இருக்கேன், இன்னைக்கு நானும் எழுதிடறேன். கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

என்னோடது எட்டர்னல் லவ். 2017ல வந்தது, யாங் மீ, மார்க் சாவ் நடிச்சது, 58 எபிசோட். சீனப் பேர அப்படியே தமிழ்ல சொன்னா மூணு ஜென்மம் மூணு உலகம் பத்து லீ தூரத்துக்குப் பீச் பூ. மொத தடவ பாத்தப்போ காலேஜ் கடைசி வருஷம், அஞ்சே நாள்ல முடிச்சேன், ஹீரோ யே ஹுவா, அந்தத் தேவலோக இளவரசன் மேல பைத்தியமா இருந்தேன், அவன் என்ன பண்ணாலும் எனக்கு நியாயமாத்தான் பட்டுச்சு. ரெண்டாவது தடவ பாத்தது போன வருஷம். அதத்தான் சொல்ல வந்தேன்.

அம்மாவுக்கு வலது கண்ணுல விழித்திரை விலகிடுச்சு. ஆபரேஷன் பண்ணி உள்ள கேஸ் நிரப்பி, ஒரு வாரம் குப்புறப் படுத்தே இருக்கணும், தலைய நிமித்தவே கூடாதுன்னுட்டாங்க. இன்னொரு கண்ணும் ரொம்ப நாளா மங்கல்தான். டிவி கிடையாது, பேப்பர் கிடையாது, நெத்திய தலகாணி ஓரத்துல முட்டுக் குடுத்துட்டு தரையப் பாத்தபடி கெடக்கணும். வலது கண்ணு மேல பஞ்சு, அதுக்கு மேல ஓட்டை ஓட்டையா ஒரு பிளாஸ்டிக் மூடி, அத ஒட்டின டேப்போட ஓரம் வேர்வைல பிரிஞ்சு பிரிஞ்சு வரும், நான் புதுசா ஒட்டி விடுவேன். மொத நாளே அம்மா அழ ஆரம்பிச்சிட்டாங்க, கண்ணு வலிக்காக இல்ல, பொழுது போகாம. அப்போதான் கட்டிலுக்குப் பக்கத்துல தரையில உக்காந்து போன்ல இந்த டிராமாவப் போட்டேன். சத்தம் அவங்களுக்கு, சப்டைட்டில் எனக்கு. ஒரு வசனம் ஓடும், நிறுத்துவேன், தமிழ்ல சொல்லுவேன், மறுபடி ஓட விடுவேன்.

சீன வார்த்தை ஒண்ணு தெரியாத அம்மாவுக்குக் கதை புரிஞ்ச வேகம் இருக்கே, எனக்கு மொத தடவ பாத்தப்போ கூட அவ்ளோ சீக்கிரம் புரியல. தேவலோகத்துல இருக்கறவங்க பூலோகத்துல பொறந்து கஷ்டப்பட்டு, அந்தக் கண்டத்தத் தாண்டினாத்தான் அடுத்த நிலைக்குப் போக முடியும்னு இந்த மாதிரிக் கதைல எல்லாம் வருமே, அத நான் விளக்க வாயெடுக்கறதுக்குள்ள "சாபத்துல வந்து பொறக்கறது, அவ்ளோதானே"ன்னாங்க. ஹீரோயின் பாய் சியென் ஒன்பது வால் நரி, சிங்சியூ நாட்டு இளவரசி. அந்த நரியும் சிங்சியூவும் இந்த டிராமாவுக்கு மூலமான நாவல எழுதினவங்க கற்பனை இல்ல, ஷான்ஹாய்ஜிங்னு சீனால ரெண்டாயிரம் வருஷப் பழசான ஒரு புஸ்தகத்துலயே இருக்கு. அவளுக்கு வயசு ஒரு லட்சத்து நாப்பதாயிரம், யே ஹுவாவுக்கு அம்பதாயிரம்னு சொன்னேன். அம்மா கொஞ்ச நேரம் யோசிச்சிட்டு "பொண்ணு மூத்தவளா இருந்தா குடும்பம் நல்லா நடக்கும்"னாங்க.

விமர்சனமா சொல்லணும்னா, இந்த டிராமாவோட உசுரு ஜுன்ஜி மலை பகுதிதான். பாய் சியென் சக்தி, ஞாபகம் எல்லாத்தயும் இழந்து ஒரு சாதாரண மனுஷியா அங்க ஒரு குடிசைல இருக்கா. பேர் கூட இல்ல, சூசூன்னு பேர் வைக்கறதே யே ஹுவாதான். அடிபட்டுக் கெடந்தவனக் காப்பாத்தினதுக்கு கைமாறா என்ன வேணும்னு அவன் கேக்க, என்னக் கட்டிக்கோன்னு இவ சொல்றா. ஆளு அம்பு இல்லாம ரெண்டு பேரும் வானத்தயும் பூமியயும் கும்பிட்டுக் கல்யாணம் பண்ணிக்கறாங்க. சண்டை, மந்திரம், பறக்கறது எதுவும் இல்லாம சமைக்கறதும் சாப்பிடறதுமா அவ்ளோ நிதானமா போகும். கிராஃபிக்ஸ் இன்னைக்குப் பாத்தா பல இடத்துல சுமார்தான், பாய் சியெனோட பழைய காதலன் லீ ஜிங் கதை இழுவை, அத நான் அம்மாவுக்கு பத்து நிமிஷத்துல சுருக்கிட்டேன். ஆனா குடிசைல நடக்கற ஒரு வசனத்தக் கூட விடல. போர்ல செத்துட்ட மாதிரி காட்டிட்டு இவளோடயே இருந்துடலாம்னு அவன் கெளம்பறப்போ குடிசையச் சுத்தி ஒரு காப்பு வளையம் போட்டு, வெளிய வராதன்னு சொல்லிட்டுப் போவான். "தாண்டிடுவா பாரு"ன்னு தலகாணிக்குள்ளேருந்து அம்மா குரல். தாண்டிட்டா. சீதை தாண்டாத கோடா!

அப்புறம் அந்த எபிசோட் வந்துச்சு.

பாக்காதவங்களுக்கு சொல்றேன். வளையத்தத் தாண்டினதால சூசூ மேல்லோகத்துக்குப் போக வேண்டியதாயிடும். அங்க சூ ஜின்னு ஒருத்தி, தேவர்களக் கொல்ற மேடைலேருந்து சூசூ தன்னத் தள்ளி விட்டான்னு பழி போடுவா, அதுல அவளுக்குக் கண்ணு போயிடும். ஈடா சூசூவோட கண்ண எடுக்கணும். எடுக்கறது யே ஹுவாவே. வயித்துல அவன் புள்ள. வெளிப்பார்வைக்கு அவ மேல பாசமே இல்லாத மாதிரி நடந்துட்டா அவ உசுரயாவது காப்பாத்தலாம்ங்கறது அவன் கணக்கு, ஆனா அது அவளுக்குத் தெரியாது, கடன் பட்டா திருப்பித் தரணும்ங்கற மாதிரி அவன் பேசறதுதான் அவ காதுல விழுது.

மொத தடவ இந்த சீன்ல நான் அவனுக்காக அழுதேன், அவன் மூஞ்சியப் பாத்துட்டே இருந்தேன், எவ்ளோ வேதனை பாருன்னு. இந்தத் தடவ சூசூ "நான் பண்ணல, என்ன நம்பு"ன்னு கெஞ்சறத நான் வாய் விட்டு தமிழ்ல சொல்ல வேண்டியிருந்துச்சு. அம்மா கண்ணு மேல அந்த மூடி. ரெண்டாவது வரில என் குரல் நின்னு போச்சு. ஸ்கிரீன்ல அவன் முகம் குளோசப்ல வருது, அழகா நடிச்சிருக்காரு மார்க் சாவ், ஆனா அம்மாவுக்கு அந்த முகம் தெரியாதே, அவங்களுக்குக் கேட்டது அந்தப் பொண்ணு குரல் மட்டும்தான். அப்போதான் எனக்கு உறைச்சுது, அந்த சீன்ல கேமரா அவன் பக்கம் நிக்குது, சத்தம் இவ பக்கம் நிக்குது.

அம்மா ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம் சொன்னாங்க, "கண்ணப்பன் குடுத்தான்னா அவனா அம்பால தோண்டிக் குடுத்தான். இது பறிச்சது. பறிச்சவன் அழுதா என்ன, அழாட்டி என்ன."

அதுக்கப்புறம் என்னால அவன மன்னிக்க முடியல. சூசூ குழந்தையப் பெத்துட்டு, வெண்கலக் கண்ணாடி வழியா அவன்கிட்ட, நான் உன்ன விட்டுடறேன், நீயும் என்ன விட்டுடுன்னு சொல்லிட்டு அந்த மேடைலேருந்து குதிக்கறா. மறுபடி பாய் சியெனா ஆகி, மருந்து குடிச்சு எல்லாத்தயும் மறந்து, முன்னூறு வருஷம் கழிச்சு கண்ணுல வெள்ளைத் துணி கட்டிட்டு கடலடி மாளிகைல நடக்கறப்போ அவ பெத்த புள்ளயே அம்மான்னு ஓடி வருது. அந்தப் பையனுக்குச் செல்லப் பேர் பச்சரிசி உருண்டைங்கற மாதிரி வரும், எங்கம்மா அவனுக்குக் கொழுக்கட்டைன்னே பேர் வச்சிட்டாங்க, "கொழுக்கட்டை வந்தானா"ன்னு தெனம் கேப்பாங்க. ஞாபகம் திரும்பினதும் பாய் சியென் நேரா சூ ஜின்கிட்ட போயி தன் கையாலயே கண்ணத் திரும்ப எடுத்துக்கறா. அழுகை, புலம்பல் எதுவும் இல்ல. என்னப் பொறுத்தவரை மொத்த டிராமால உச்சம் அதுதான்.

ஆனா கடைசில யே ஹுவா சிங்சியூ வாசல்ல வந்து காத்துக் கெடப்பான், அவ பாக்க மாட்டா, உடனே அடுத்தது போர், உலகத்தயே அழிக்கற ஒரு மந்திர மணி, அத அடக்கப் போயி அவன் சாவு. செத்துட்டான்னா அவ மன்னிக்காம என்ன பண்ணுவா? அவ கோவத்த முழுசாப் பட டைம் குடுக்காம அவனக் கொன்னுட்டாங்க, அதுதான் இந்தக் கதைல எனக்கு ஆறாத கொறை. உங்களுக்கு எப்படிப் பட்டுச்சுன்னு சொல்லுங்க.

*

அக்கா, நீங்க சொல்றதுல எனக்கு உடன்பாடு இல்ல, தப்பா எடுத்துக்காதீங்க. அவன் சாவறதுக்கு முன்னாடியே எவ்ளோ குடுத்துட்டான்! அவ குதிச்சதும் பின்னாலயே குதிக்கறான். அவளோட குரு மோ யுவான எழுப்பறதுக்காக நாலு மிருகம் காவல் காக்கற மூலிகைய எடுக்கப் போயி கையவே இழக்கறான், தன் தவ வலிமையெல்லாம் அந்த மருந்துக்குள்ள வைக்கறான், அதயும் அவகிட்ட சொல்லல. மோ யுவானும் அவனும் ஒரே நடிகர்ங்கறது பாதி நேரம் நமக்கு மறந்தே போகுதுல்ல, அவ்ளோ வித்தியாசம் நிக்கறதுலயும் பாக்கறதுலயும். நான் சிங்கப்பூர்ல வேலை பாக்கறேன், கூட வேலை பாக்கற சீன ஆன்ட்டி ஒருத்தங்க இதோட முடிவுப் பாட்டு லியாங்லியாங்க முணுமுணுத்துட்டே இருப்பாங்க, சாங் பிச்சென்னும் யாங் சோங்வெய்யும் பாடினது. அர்த்தம் கேட்டேன். சில்லுன்னு ஆறிப் போறது, மனசும் அப்படித்தான்னாங்க. அவங்களும் யே ஹுவா கட்சிதான்.

*

அவன் குடுத்தது எல்லாம் சரிதான் தம்பி, ஆனா அவ கேட்டது எது? நம்புன்னு ஒரே ஒரு வார்த்தை. கைய விட்டது, தவத்த விட்டது எல்லாமே அவகிட்ட சொல்லாமத்தானே பண்றான், சொல்லாம பண்றதுதானே மொதல்லயே அவ கண்ணப் பறிச்சது. மேலே எழுதின அக்காவோட அம்மா கட்சி நான். எங்க வீட்டுல பாட்டிக்குக் காது மந்தம், நாங்க சத்தத்தக் கொறச்சிட்டு அவங்களுக்குப் படம் மட்டும் காட்டினோம், பாட்டிக்குப் பிடிச்சது ஜெ யென்னு வர்ற பீனிக்ஸ் தேவரோட பீச் தோப்புதான், இத்தன பூ பூத்தும் ஒரு பழத்தக் காட்டலயேன்னு கடைசி வரைக்கும் கேட்டாங்க. அக்கா, அம்மாவுக்கு இப்போ கண்ணு எப்படி இருக்கு?

*

கேட்டதுக்கு நன்றிம்மா. கேஸ் முழுசா கரைய கொஞ்ச வாரம் ஆச்சு, பார்வை முன்ன மாதிரி இல்ல, ஆனா எழுத்து தெரியுது. தம்பி, உங்க கட்சியயும் அம்மாகிட்ட படிச்சுக் காட்டினேன், கை போனது அவங்களுக்கும் ஞாபகம் இருக்கு. நிமிந்து உக்காரலாம்னு டாக்டர் சொன்ன அன்னைக்கு சாயங்காலம் மொத வேலையா கடைசி எபிசோட மட்டும் போடச் சொன்னாங்க, பீச் தோப்புல அவன் திரும்பி வந்து நின்னு அவளக் கூப்பிடற இடம். போன மூக்குக்குக் கிட்ட வச்சு, ஒரு கண்ணச் சுருக்கிட்டு அவன் மூஞ்சிய அவ்ளோ நேரம் பாத்தாங்க.

"இவன்தானா? நல்லாத்தான் இருக்கான்"னாங்க. அப்புறம் கொழுக்கட்டையக் காட்டச் சொன்னாங்க.