புதுப்பிப்பு: கண்ணாடி இழை நைலான் பாகத்தில் இழை தெரிவது நின்றது

30% கண்ணாடி இழை சேர்த்த கறுப்பு நைலான் 66 பிராக்கெட்டில் மேற்பரப்பு வெளிறி இழை தெரிகிறது, கேட் (உருகிய பிளாஸ்டிக் அச்சுக்குள் நுழையும் வாய்) அருகே வெள்ளிக் கோடும் விழுகிறது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கைகொடுத்தது, மோல்டு (அச்சு) சூட்டை நேரடியாக அளந்து பார்க்கச் சொன்ன யோசனைதான். கன்ட்ரோலரில் 80 டிகிரி காட்டியதால் அதை நான் சந்தேகிக்கவே இல்லை. மோல்டைத் திறந்து உள்முகத்தில் வெப்பமானியை வைத்தால் 58! மோல்டைச் சூடாக வைக்கும் தண்ணீர் ஓடும் வழியில் ஒரு பக்கம் உப்புப் படிந்து பாதி அடைத்திருந்தது. அதைச் சுத்தம் செய்து, முகத்திலேயே 85 வரும்படி வைத்து, இன்ஜெக்‌ஷன் வேகத்தையும் (உருகிய பிளாஸ்டிக்கை உள்ளே செலுத்தும் வேகம்) கொஞ்சம் கூட்டினேன். இப்போது பாகம் கறுகறுவென்று வருகிறது.

வெள்ளிக் கோடு வேறு கதை. அது ஈரம், நைலான் மூட்டையைப் பிரித்துப் போட்டு வைத்திருந்தது என் தப்பு. ஈரம் நீக்கும் ட்ரையரில் 80 டிகிரியில் 4 மணி நேரம் வைத்ததும் போய்விட்டது.

எதிர்பாராதது ஒன்று: மோல்டு சூடேறியதும் சுருக்கம் கூடி, போல்ட் துளைகளின் இடைவெளி குறைந்துவிட்டது. நைலான் மெதுவாக ஆறினால் படிகமாவது அதிகம், அதனால்தான். பேக்கிங் நேரத்தை (மோல்டு நிரம்பிய பிறகும் அழுத்தம் கொடுத்து வைக்கும் நேரம்) கூட்டிச் சரிக்கட்டினேன். பாகத்தின் வளைவு மட்டும் இன்னும் லேசாக இருக்கிறது. இழைகள் படுக்கும் திசையால் வருவது அது, கேட்டை இடம் மாற்றாமல் தீராது போல.