டெசிடபைன் கொடுத்தும் ஈ-கேட்ஹெரின் திரும்பவில்லை

கேள்வி: எம்டிஏ-எம்பி-231 மார்பகப் புற்றுநோய்ச் செல்களுக்கு 5 மைக்ரோமோலார் டெசிடபைன் (டிஎன்ஏவில் மெத்தில் குறிகளைக் குறைக்கும் மருந்து) ஒரே தவணையாக, 48 மணி நேரம். ஈ-கேட்ஹெரின் புரதத்துக்கான மரபணு சிடிஎச்1; அதன் எம்ஆர்என்ஏ கூடவில்லை. மெத்திலேற்ற பிசிஆரில் மெத்திலேறியது, ஏறாதது என இரண்டு பட்டைகளும் தெரிகின்றன. எங்கே பிழை?

பதில் 1: ஒரே தவணை போதாது. 37 டிகிரியில் மருந்து கரைசலிலேயே சிதையும். டிஎன்ஏ இரட்டிக்கும்போதுதான் அது உள்ளே சேரும். தட்டு நிரம்பியிருந்தால் பயனில்லை. 30% அடர்த்தியில் தொடங்குங்கள். 1 மைக்ரோமோலார், 24 மணிக்கொருமுறை புது வளர்ப்பு ஊடகத்தோடு, 96 மணி வரை. அளவைக் கூட்டினால் செல் பிரிவதே நின்றுவிடும்.

பதில் 2: பட்டைகளை இப்போதே நம்பாதீர்கள். எம்சிஎஃப்-7 என்ற இன்னொரு மார்பகப் புற்றுநோய்ச் செல் வகையின் டிஎன்ஏவையும் சேர்த்து ஓட்டுங்கள். அதில் சிடிஎச்1 மெத்திலேறாதது. அங்கும் மெத்தில் பட்டை வந்தால் பைசல்ஃபைட் மாற்றம் (பிசிஆருக்கு முன் மெத்திலேறாத சைட்டோசினை மாற்றும் படி) அரைகுறை, அல்லது பிரைமர் (பிசிஆரைத் தொடங்கும் சிறு டிஎன்ஏ துண்டு) இரண்டையும் சரியாகப் பிரித்தறியவில்லை.

பதில் 3: சிடிஎச்1-ஐ அடக்கும் புரதமான ஜெப்1 (ZEB1) அளவையும் பாருங்கள், ஐயா. எம்டிஏ-எம்பி-231 செல்களில் அது மிகுதி. மெத்தில் நீங்கினாலும் ப்ரமோட்டரை (மரபணுவை இயக்கும் தொடக்கப் பகுதி) அடக்கியே வைக்கும்.