டி5600-ஆ, 200டி மார்க் 2-ஆ? ஒன்றில் என் லென்ஸ் வேலை செய்யவில்லை, மற்றதில் ஃபிளாஷ் எரியவில்லை

மேடையோரம்:

வணக்கம். பரதநாட்டியப் பள்ளி நிகழ்ச்சிகளை எடுக்க ஒரு டிஎஸ்எல்ஆர் வேண்டும். செகண்ட் ஹேண்ட்தான். நிக்கான் டி5600 ஒன்றும் கேனான் 200டி மார்க் 2 ஒன்றும் ஒரே கடையில் இருக்கின்றன. விலையில் பெரிய வித்தியாசம் இல்லை.

முக்கிய வேலை உள்ளரங்க மேடை. சுமார் 5 மீட்டர் தூரம், ஆடும்போது ஃபிளாஷ் போடக் கூடாது. நிகழ்ச்சி முடிந்ததும் மாணவிகளைத் திரை முன் நிறுத்தி ஃபிளாஷில் எடுக்க வேண்டும். வீடியோ எப்போதாவது.

கையில் இருப்பவை: நிக்கான் ஏஎஃப் 50 மி.மீ. எஃப் 1.8டி லென்ஸ், சிங்கிள் பின் மேனுவல் ஃபிளாஷ்.

சிக்கல் இதுதான். டி5600-ல் லென்ஸை மாட்டினால் "எஃப்ஈஈ" என்று மினுக்குகிறது, ஷட்டர் விழவில்லை, ஃபோகஸும் அசையவில்லை. 200டி-யில் ஃபிளாஷை மாட்டி அதன் டெஸ்ட் பட்டனை அழுத்தினால் எரிகிறது; ஷட்டரை அழுத்தினால் எரிவதில்லை. இதில் எது பழுது?

சர்வீஸ்மேசை:

எதுவும் பழுதில்லை. இரண்டு கம்பெனியும் செலவைக் குறைக்க ஆளுக்கொரு சாமானைக் கழற்றியிருக்கிறார்கள். உங்களிடம் இருக்கும் இரண்டும் சரியாக அந்த இரண்டு இடத்திலும் போய் முட்டுகின்றன.

முதலில் எஃப்ஈஈ. 50 எஃப் 1.8டி லென்ஸில் அபர்ச்சர் (லென்ஸுக்குள் வெளிச்சம் நுழையும் துளை) வளையம் உண்டு. அது 22-ல் நின்றால்தான் அபர்ச்சரை பாடி (லென்ஸ் நீங்கலான கேமரா) தன் கைக்குள் எடுத்துக்கொள்ளும். வளையத்தை ஆரஞ்சு நிற 22-க்குத் திருப்புங்கள், பக்கத்தில் இருக்கும் சின்ன லாக்கைத் தள்ளிவிடுங்கள். மினுக்கல் நின்றுவிடும், வெளிச்சத்தை அளக்கும் மீட்டரிங்கும் வரும்.

ஆனால் ஆட்டோ ஃபோகஸ் (ஏஎஃப்) வராது. அந்த லென்ஸுக்குள் மோட்டார் கிடையாது. பாடியிலிருந்து திருப்புளி முனை மாதிரி ஒரு தண்டு வந்து அதைச் சுழற்ற வேண்டும். டி3000, டி5000 வரிசைகளில் அந்தத் தண்டே இல்லை. மவுண்ட் வளையத்தைக் கண்ணால் பார்த்தாலே தெரியும். டி5600-க்கு ஏஎஃப்-எஸ் அல்லது ஏஎஃப்-பி என்று எழுதிய லென்ஸ்தான் வாங்க வேண்டும்.

கேனானில் கதை வேறு. இஎஃப், இஎஃப்-எஸ் லென்ஸ் எல்லாவற்றுக்கும் மோட்டார் லென்ஸுக்குள்ளேயே இருக்கும். அந்தப் பிரச்சினை அங்கே இல்லை. ஆனால் 200டி மார்க் 2-ன் ஹாட் ஷூவை, அதாவது தலையில் ஃபிளாஷ் மாட்டும் இடத்தை, உற்றுப் பாருங்கள். நடுவில் பெரிய வட்டமாக ஒரு தொடுமுனை இருக்க வேண்டும். இருக்காது. சின்னச் சின்னத் தொடுமுனைகள் மட்டும்தான். சிங்கிள் பின் ஃபிளாஷுக்குத் தெரிந்த ஒரே பாஷை அந்த நடு முனை. அது இல்லாவிட்டால் புது ஃபிளாஷ் வாங்கி மாட்டினாலும் எரியாது. 1500டி, 3000டி பாடிகளிலும் இதே வெட்டு.

முப்பத்தைந்து:

ஒரு சுற்றுவழி இருக்கு. உங்க ஃபிளாஷில் எஸ்1, எஸ்2 ஸ்லேவ் மோடு இருந்தா, கேமராவோட சொந்த ஃபிளாஷைத் தூக்கி அந்த வெளிச்சத்தால இதை எரிய வைக்கலாம். கேனான்ல எஸ்2 வைங்க. எஸ்1 வெச்சா, அளவு பார்க்க முன்னாடி வர்ற சின்ன மின்னலுக்கே எரிஞ்சிடும், ஷட்டர் திறக்கும்போது வெளிச்சம் இருக்காது. டி5600-ல இந்தத் தொல்லையே வேண்டாம், நேரா ஹாட் ஷூவில மாட்டினா எரியும். தள்ளி ஸ்டாண்டில வைக்கணும்னா கஸ்டம் செட்டிங் இ1-ல சொந்த ஃபிளாஷை மேனுவல் ஆக்கி 1/32 வைங்க, அப்ப எஸ்1 போதும்.

ஃபிளாஷ் ரொம்பப் பழசா இருந்தா, சார்ஜ் ஆனதும் நடு முள்ளுக்கும் பக்கவாட்டுத் தகட்டுக்கும் இடையில மல்டிமீட்டர் வெச்சு டிசி வோல்டேஜ் பாருங்க. 250 வோல்ட்டுக்கு மேல காட்டினா நிக்கான் பாடியில மாட்டவே கூடாதுன்னு அவங்க மேனுவலே சொல்லுது.

மேடையோரம்:

எஃப்ஈஈ போய்விட்டது, நன்றி. அப்படியானால் எந்த பாடி வாங்கினாலும் கையிலிருக்கும் ஒன்று வீண்தானா? மேடைக்கு எது நல்லது என்று மட்டும் சொன்னால் போதும்.

பிலிம்ரோல்:

பாடியை விடுங்கள், முதலில் லென்ஸ் கணக்கைப் பாருங்கள். மேடை வெளிச்சத்தில் அபர்ச்சர் எஃப் 1.8, ஷட்டர் 1/500 நொடி, ஐஎஸ்ஓ (வெளிச்ச உணர்திறன்) 3200 தேவைப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதே காட்சியை, கேமராவோடு சேர்த்து வரும் கிட் லென்ஸின் 55 மி.மீ. முனையில் எடுத்தால் அபர்ச்சர் எஃப் 5.6-தான். ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு வெளிச்சம். ஐஎஸ்ஓ 31,000 வரை போக வேண்டும். இரண்டு பாடிக்கும் சாதாரண உச்சம் 25,600. கிட் லென்ஸோடு வாங்கிவிட்டு "கேமரா சரியில்லை" என்று சொல்கிறவர்கள் முக்கால்வாசிப் பேர் இந்தக் கணக்கில் விழுந்தவர்கள்.

50 மி.மீ. லென்ஸ் உங்கள் தூரத்துக்கு அளவெடுத்துத் தைத்தது போல. 5 மீட்டரில் கேமராவைச் செங்குத்தாகப் பிடித்தால் உயரத்தில் சுமார் 2.3 மீட்டர் அடங்கும். கையைத் தலைக்கு மேல் தூக்கி நிற்கும் ஒரு பெண் முழுதாக விழுவாள், சலங்கை வெட்டுப்படாது.

இனி பாடி. விளம்பரத்தில் 24.2 மெகாபிக்சல், 24.1 மெகாபிக்சல் என்று போடுவதெல்லாம் ஒன்றே. நொடிக்கு 5 படம் என்பதும் இரண்டிலும் ஒன்று. வியூஃபைண்டர் இரண்டிலும் 95 சதவீதம்தான் காட்டும், ஓரத்தில் நீங்கள் பார்க்காத தூண் ஒன்று படத்தில் வந்து நிற்கும். மைக் மாட்டும் துளையும் திரும்பும் திரையும் இரண்டிலும் உண்டு. வித்தியாசம் ஃபோகஸில்தான்.

கண்ணை வியூஃபைண்டரில் வைத்து எடுத்தால் டி5600. 39 ஃபோகஸ் புள்ளிகள், அதில் 9 கிராஸ் வகை (நெடுக்கும் குறுக்கும் பார்த்து உறுதியாகப் பிடிப்பவை). கேனானில் 9 புள்ளிகள், நடுவில் இருப்பது மட்டும் கிராஸ். நடுப் புள்ளியை முகத்தில் வைத்துப் பிடித்துவிட்டு கேமராவை இறக்கி ஃப்ரேம் செய்கிற பழக்கம் எஃப் 1.8-ல் உதவாது, ஆடுகிறவர் அதற்குள் நகர்ந்திருப்பார்.

திரையைப் பார்த்து எடுத்தால் நிலைமை அப்படியே தலைகீழாகிவிடும். 200டி மார்க் 2-ல் டூயல் பிக்சல் ஏஎஃப் உண்டு, முகத்தையும் கண்ணையும் தானே தேடிப் பிடிக்கும். டி5600-ன் லைவ் வியூ முன்னும் பின்னும் அலைந்து பிறகுதான் நிற்கும்.

வாய்ப்பாட்டுக்காரன்:

பிலிம்ரோல் சொல்வது சரி. ஆனால் ஒரு பழைய லென்ஸுக்காக பாடி தேர்ந்தெடுப்பது, தலைக்கேற்ற தொப்பி வாங்காமல் தொப்பிக்கேற்ற தலை தேடுவது. என் கட்சி கேனான். லென்ஸையும் ஃபிளாஷையும் விற்றுவிட்டு 200டி-யோடு கேனானின் 50 எஃப் 1.8 எஸ்டிஎம் லென்ஸ் வாங்கினால் படம், வீடியோ இரண்டும் முடியும். பேட்டரி, கார்டு சேர்த்து எடை 449 கிராம். டி5600-ல் வீடியோ எடுக்கும்போது லைவ் வியூவிலிருந்து வெளியே வராமல் அபர்ச்சரை மாற்றக்கூட முடியாது.

4கே என்று கடைக்காரர் சொன்னால் மட்டும் மயங்காதீர்கள். 4கே போட்டதும் 200டி மார்க் 2 ஓரங்களை வெட்டிவிடும். 18 மி.மீ. வைத்தாலும் ஃபுல் ஃப்ரேம் (பெரிய சென்சார்) கேமராவின் 47 மி.மீ. போல நெருங்கித் தெரியும். அந்த நல்ல டூயல் பிக்சல் ஏஎஃப்-உம் அங்கே கிடைக்காது. ஃபுல் எச்டி-யில் எடுங்கள். நொடிக்கு 25 அல்லது 50 ஃப்ரேம், ஷட்டர் 1/50 அல்லது 1/100. நம்மூர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ் என்பதால் அப்போதுதான் விளக்கு துடிக்காது.

முப்பத்தைந்து:

நிக்கான் லென்ஸைக் கேனான்ல மாட்ட அடாப்டர் இருக்கு, ஏன்னா நிக்கான் மவுண்ட் சென்சார்லருந்து 46.5 மி.மீ. தள்ளி, கேனான் 44. நடுவுல 2.5 மி.மீ. இடம் இருக்கு. ஆனா ஃபோகஸ், அபர்ச்சர் ரெண்டும் கையாலதான். நாட்டியத்துக்கு அது வேலைக்காகாது.

சர்வீஸ்மேசை:

சகோ, மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது. அதே கடையில் நிக்கான் டி7200 இருக்கிறதா என்று கேளுங்கள். 2015-ல் வந்த பாடி, அதே 24 மெகாபிக்சல், 51 புள்ளிகள், அதில் 15 கிராஸ். பாடிக்குள் மோட்டார் உண்டு, உங்கள் 50 எஃப் 1.8டி லென்ஸ் ஓடும். ஹாட் ஷூவில் நடு முனை உண்டு, ஃபிளாஷ் எரியும். வியூஃபைண்டர் 100 சதவீதம். கார்டு இரண்டு போடலாம்.

நட்டம் என்ன? திரை திரும்பாது, தொட்டால் ஒன்றும் நடக்காது, பேட்டரி கார்டு சேர்த்து 765 கிராம். வீடியோவில் ஏஎஃப் டி5600 போலவே சுமார்தான். வீடியோ முதல் வேலை என்றால் வாய்ப்பாட்டுக்காரன் சொன்னபடி கேனானுக்கே போங்கள். மேடைதான் முதல் என்றால் இதைவிட மலிவான வழி எனக்குத் தெரிந்து இல்லை.

செகண்ட் ஹேண்டில் பார்க்க வேண்டியவை. மெனுவில் பேட்டரி இன்ஃபோ போனால் பேட்டரியின் வயது 0 முதல் 4 வரை காட்டும். 4 என்றால் மாற்றியே ஆக வேண்டும். ஒரு படம் எடுத்து அதன் எக்சிஃப்பில் (படத்தோடு பதியும் விவரங்கள்) ஷட்டர் கவுண்ட், அதாவது ஷட்டர் எத்தனை முறை விழுந்திருக்கிறது என்று பாருங்கள், நிக்கான் அதை ஃபைலிலேயே எழுதிவைக்கும். டி7200-ன் ஷட்டர் 1,50,000 முறைக்குச் சோதிக்கப்பட்டது. பிறகு எஃப் 16 வைத்து, ஃபோகஸைக் கலைத்துவிட்டு வெள்ளைச் சுவரை எடுங்கள். சென்சார் தூசி கறுப்புப் புள்ளியாக வரும். தூசி துடைத்தால் போகும், பயப்பட வேண்டாம். லென்ஸை மட்டும் செல்போன் டார்ச்சில் பின்பக்கமிருந்து பாருங்கள். சிலந்தி வலை மாதிரி இழை தெரிந்தால் பூஞ்சை.

மேடையோரம்:

டி7200 இருக்கிறது. ஷட்டர் கவுண்ட் 31 ஆயிரம், பேட்டரி வயது 1. லென்ஸ் ஓடுகிறது, கரகரவென்று சத்தம்தான். ஃபிளாஷும் எரிகிறது.

இரண்டு கேள்வி. 1/500-ல் ஃபிளாஷ் போட்ட படத்தில் ஒரு பக்கம் கறுப்புப் பட்டையாக வருகிறது. எஃப் 1.8-ல் கண்ணில் ஃபோகஸ் வைத்தாலும் மூக்கு நுனிதான் கூர்மையாக இருக்கிறது. பாடியில் கோளாறா?

முப்பத்தைந்து:

கறுப்புப் பட்டை கோளாறு இல்லை. 1/250-க்கு மேல ஷட்டர் ஒரே நேரத்துல முழுசாத் திறந்திருக்காது, ஒரு கீற்றுதான் நகரும். கேமரா தெரிஞ்ச ஃபிளாஷா இருந்தா அதுவே வேகத்தைக் குறைச்சுக்கும். சிங்கிள் பின் ஃபிளாஷ் மாட்டியிருக்குன்னு கேமராவுக்குத் தெரியவே தெரியாது, நீங்கதான் பார்த்துக்கணும். 1/200 வெச்சு எடுங்க.

சர்வீஸ்மேசை:

மூக்கு விஷயம் ஃப்ரண்ட் ஃபோகஸ் (வைத்த இடத்துக்கு முன்னால் ஃபோகஸ் விழுவது) போலத் தெரிகிறது. கையில் பிடித்து எடுத்ததை வைத்து முடிவு கட்டாதீர்கள். டிரைபாடில் வைத்து இப்படிச் சோதியுங்கள்.

மூன்று பென்சில் பேட்டரிகளை மேசையில் நிற்க வையுங்கள். பக்கவாட்டில் கொஞ்சம் இடைவெளி, முன்பின்னாக 5 செ.மீ. வித்தியாசம். நடு பேட்டரி கேமராவிலிருந்து 1.5 மீட்டரில். அந்தத் தூரத்தில் 50 மி.மீ. எஃப் 1.8-ல் கூர்மையாக விழுவது மொத்தம் ஆறு, ஆறரை செ.மீ.தான், அதனால் தவறு பளிச்சென்று தெரியும். நடுப் புள்ளி, ஏஎஃப்-எஸ் மோடு (ஒருமுறை ஃபோகஸ் செய்து நிற்பது; லென்ஸில் எழுதும் ஏஎஃப்-எஸ் வேறு), 2 நொடி டைமர், வெளிச்சம் தாராளமாக. ஒவ்வொரு படத்துக்கும் முன் லென்ஸை முடிவிலிக்குத் திருப்பிவிட்டு மறுபடி ஃபோகஸ். வியூஃபைண்டரில் பத்து படம், லைவ் வியூவில் இரண்டு.

லைவ் வியூ சென்சாரையே பார்த்து ஃபோகஸ் செய்வதால் அதுதான் அளவுகோல். வியூஃபைண்டர் படங்கள் பத்தும் ஒரே பக்கம், ஒரே அளவு தள்ளியிருந்தால் திருத்தலாம். முன்னும் பின்னுமாகச் சிதறியிருந்தால் திருத்தம் உதவாது. அது லென்ஸ் தேய்மானம், அல்லது வெளிச்சக் குறைவு.

மேடையோரம்:

பத்தில் ஒன்பது படங்களில் முன் பேட்டரிதான் கூர்மை. லைவ் வியூவில் நடு பேட்டரி.

சர்வீஸ்மேசை:

நல்ல செய்தி. செட்டப் மெனுவில் ஏஎஃப் ஃபைன் டியூன் போய் ஆன் செய்யுங்கள். "சேவ்டு வேல்யூ" -20 முதல் +20 வரை போகும். ப்ளஸ் ஃபோகஸைக் கேமராவிலிருந்து தள்ளும், மைனஸ் இழுக்கும். உங்களுக்கு ப்ளஸ். +5-ல் தொடங்கி மூன்று மூன்று படம் எடுத்துக்கொண்டே ஏறுங்கள். அந்த லென்ஸுக்கு மட்டும் மதிப்பு நினைவில் இருக்கும், வேறு லென்ஸ் மாட்டினால் ஒட்டாது. டி5600-லும் 200டி மார்க் 2-லும் இந்த மெனு கிடையாது. அங்கே இதே கோளாறு வந்தால் பாடியையும் லென்ஸையும் சர்வீஸுக்குத்தான் கொடுக்க வேண்டும்.

பிலிம்ரோல்:

மேடைக்கு ஏஎஃப்-சி (நகர்பவரைத் தொடர்ந்து ஃபோகஸ் செய்யும் மோடு), 9 புள்ளி டைனமிக் (பக்கத்துப் புள்ளிகளும் உதவும்). எல்இடி விளக்கு உள்ள அரங்கில் 1/500-ல் குறுக்கே பட்டை பட்டையாக விழுந்தால் 1/100-க்கு இறங்கி, அடவு முடித்து நிற்கும் நொடிக்குக் காத்திருந்து எடுங்கள்.

மேடையோரம்:

+9-ல் நடு பேட்டரி எழுத்துகள் தெளிவாக விழுகின்றன. டி7200-க்கு முன்பணம் கொடுத்துவிட்டேன்.

சர்வீஸ்மேசை:

அது 1.5 மீட்டருக்கான மதிப்பு. உங்கள் வேலை 5 மீட்டரில். அந்தத் தூரத்தில் ஒரு நாற்காலியில் செய்தித்தாளைச் சாய்த்து வைத்து +9, +6, +3 மூன்றிலும் எடுத்து லைவ் வியூ படத்தோடு ஒப்பிடுங்கள். வித்தியாசம் வந்தால் 5 மீட்டரில் வந்த மதிப்பையே சேவ் செய்யுங்கள்.